முதலில் பறவை, பிறகு படம்

தில்லியில் யமுனைக்குக் கிழக்கே, எங்கள் குடியிருப்பை ஒட்டி ஒரு சிறு பூங்கா உண்டு. அதன் ஒரு மூலையில், குழாய் பதிப்பதற்காகத் தோண்டி மூடிய மண்மேடு ஒன்று புல் முளைக்காமல் கிடந்தது. சில ஆண்டுகளுக்கு முன், சித்திரை வெயில் ஏறத் தொடங்கிய நாள்களில், அந்த மேட்டின் மீது செம்மூக்கு ஆள்காட்டி இணை ஒன்று முட்டையிட்டது. கூடு என்று சொல்லத்தக்கதாக அங்கு எதுவும் இல்லை. ஆழமற்ற ஒரு குழி, அதைச் சுற்றிச் சில கற்கள், நடுவில் மண்ணின் நிறத்திலேயே கரும்புள்ளிகள் கொண்ட நான்கு முட்டைகள். அவ்வளவுதான்.

காலை நடைக்கு வரும் நாங்கள் சிலர், அப்போதுதான் ஒளிப்படக் கலையில் ஆர்வம் கொண்டிருந்தோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகல், கேமராக்களுடன் அந்த மேட்டைச் சூழ்ந்து நின்றோம். பறவைகள் இரண்டும் எழுந்து, தலைக்கு மேலே வட்டமிட்டு ஓயாமல் கத்தின. பறக்கும் நிலையில் இத்தனை அருகில் படம் கிடைக்கிறதே என்று மகிழ்ந்து, ஏறத்தாழ நாற்பது நிமிடங்கள் அங்கேயே நின்றுவிட்டோம். மாலையில் சென்று பார்த்தபோது இரண்டு முட்டைகளே இருந்தன. மறுநாள் ஒன்றும் இல்லை.

அன்று எடுத்த படங்களைப் பிறகு கணினியில் பெரிதாக்கிப் பார்த்தோம். சிறகு விரித்த ஆள்காட்டிக்குப் பின்னால், விளக்குக் கம்பத்தின் மேல் இரண்டு காகங்கள் அமர்ந்திருந்தன. அடுத்தடுத்த படங்களிலும் அவை அங்கேயே இருந்தன. முட்டைகள் இருக்கும் இடத்தை அவற்றிற்கு எவரும் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நாங்கள் நின்ற இடமே சொல்லிவிட்டது.

ஆள் வருவதைக் கத்திக் காட்டிக்கொடுப்பதால் இப்பறவைக்கு ஆள்காட்டி என்று பெயர் வைத்தனர் நம் முன்னோர். அன்று அது எங்களைத்தான் காட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தது. அதைப் புரிந்துகொள்ள எங்களுக்கு ஒரு நாள் தாமதமாயிற்று. பறவைகளைப் பார்ப்பதும் படம் எடுப்பதும் இன்று நம் நகரங்களில் விரைவாகப் பரவிவரும் நல்ல பழக்கம். அதை எங்கே, எப்படித் தொடங்கலாம் என்பதையும், அது பறவைக்கு இழப்பாக முடியாமல் இருக்க நாம் கடைப்பிடிக்க வேண்டியவை எவை என்பதையும் இக்கட்டுரையில் வாசகர்களுடன் பகிர்ந்துகொள்கிறோம்.

தொலைவுக்குச் செல்ல வேண்டியதில்லை

இந்தியாவில் 1,300-க்கும் மேற்பட்ட பறவை இனங்கள் பதிவாகியுள்ளன. அவற்றைக் காண்பதற்கு இமயத்திற்கோ அடர்ந்த கானகத்திற்கோதான் செல்ல வேண்டும் என்பது பலரது எண்ணம். உண்மையில், தொடக்கநிலையில் உள்ளவர்க்கு வீட்டருகே உள்ள பூங்காவைவிடச் சிறந்த பள்ளி வேறில்லை. அங்கு மரங்களுக்கிடையே இடைவெளி உண்டு. பறவைகள் மனித நடமாட்டத்திற்குப் பழகியிருக்கும். எல்லாவற்றிற்கும் மேலாக, நாம் நாள்தோறும் அங்கு செல்ல இயலும்.

தலைநகரின் லோதி தோட்டத்தில் ஆலும் அரசும் பழுக்கும் காலத்தில் சாம்பல் இருவாச்சிகளையும் பச்சைப்புறாக்களையும் ஒரே மரத்தில் காணலாம். பழைய கல்லறை மாடங்களின் இடுக்குகளில் கிளிகள் குடியிருக்கின்றன. தில்லி விலங்கியல் பூங்காவின் குளங்களில் உள்ள மரங்களில், கூண்டில் அடைக்கப்படாத காட்டுப் பறவைகளான மஞ்சள்மூக்கு நாரைகள் 1960-ஆம் ஆண்டு முதல் கூடு கட்டிவருகின்றன. மழைக்காலத்தின் பிற்பகுதியில் வந்து, குஞ்சு பொரித்து வளர்த்து, கோடைக்கு முன் கலைந்து செல்வது அவற்றின் வழக்கம். கூண்டுக்குள் இருக்கும் விலங்குகளைக் காண வருபவர்களில் பலர், தலைக்கு மேல் தாமாக வந்து குடியேறிய இவ்விருந்தினரைக் கவனியாமலே திரும்பிவிடுகின்றனர்.

பிற நகரங்களிலும் இதே நிலைதான். மும்பையை ஒட்டிய தாணே கழிமுகத்தில் பூநாரைகள் பல்லாயிரக்கணக்கில் வந்து தங்குகின்றன. அவ்விடம் 2015-இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. பெங்களூரின் லால்பாக் ஏரி, கொல்கத்தாவின் ரவீந்திர சரோவர், சென்னையின் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம், தில்லியும் நொய்டாவும் சந்திக்கும் ஓக்லா, குருகிராமை அடுத்த சுல்தான்பூர் ஆகிய எல்லாமே நகரப் பேருந்திலோ மெட்ரோவிலோ சிறிது நேரப் பயணத்திலோ சென்று சேரக்கூடிய இடங்கள்.

நவம்பர் முதல் பிப்ரவரி வரை நம் நீர்நிலைகளுக்குப் பொற்காலம். மத்திய ஆசியாவிலும் சைபீரியாவிலும் குளம் குட்டைகள் உறையத் தொடங்கியதும், வாத்து இனங்களும் உள்ளான்களும் வாலாட்டிகளும் தெற்கு நோக்கிப் புறப்படுகின்றன. உலகின் பெரும் வலசைப் பாதைகளுள் ஒன்றான மத்திய ஆசியப் பாதையின் முதன்மையான தங்குமிடம் இந்தியா. வரித்தலை வாத்து இமயத்தையே கடந்து வருகிறது. 7,000 மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்தில் அது பறந்தது கருவிகள் மூலம் பதிவாகியுள்ளது. அவ்வாறு வந்த வாத்துக்கூட்டங்கள் திருநெல்வேலி மாவட்டத்துக் கூந்தன்குளம் வரைகூடச் சென்று தங்குகின்றன.

பார்க்கக் கற்றல்

பறவையைக் காண்பதற்குத் தேவையானவை மூன்று: அதிகாலை நேரம், மங்கிய நிற உடை, அவசரமின்மை. கதிரவன் எழுந்த பின் முதல் இரண்டு மணி நேரத்தில்தான் பெரும்பாலான பறவைகள் இரை தேடி வெளிப்படும், பாடுவதும் அப்போதுதான். வெண்ணிற உடையும் பளிச்சென்ற நிறங்களும் நம்மை வெகு தொலைவிலேயே காட்டிக்கொடுக்கும். நடந்துகொண்டே தேடுவதைவிட, ஒரு மரத்தடியில் பத்து நிமிடம் அசையாமல் நிற்பவர் அதிகம் காண்பார். நாம் அமைதியானதும் பறவைகள் தம் வேலையை மீண்டும் தொடங்கும்.

முதலில் வாங்க வேண்டிய கருவி கேமரா அன்று; பைனாகுலர். அதன் மீது 8×42 என்பது போல் இரண்டு எண்கள் குறிக்கப்பட்டிருக்கும். முதல் எண், பொருளை எத்தனை மடங்கு பெரிதாக்கிக் காட்டுகிறது என்பதைக் குறிக்கும். இரண்டாவது எண், முன்பக்க லென்சின் விட்டம், மில்லிமீட்டரில். விட்டம் கூடக்கூட ஒளி அதிகம் நுழையும். எனவே விடியலிலும் அந்தியிலும் காட்சி தெளிவாக இருக்கும். உருப்பெருக்கம் 10 மடங்குக்கு மேல் சென்றால் கை நடுக்கமும் அதே அளவுக்குப் பெருகிவிடும். ஆதலால் தொடக்கநிலையினர்க்கு 8 மடங்கே ஏற்றது. கண்ணாடி அணிபவர்கள் வாங்கும்போதே கண்ணாடியோடு பார்த்துச் சோதித்துக்கொள்வது நலம்.

இனங்காண்பதில் நிறத்தை மட்டும் நம்புதல் கூடாது. ஒளிக்கு ஏற்ப நிறம் மாறித் தோன்றும். ஆணும் பெண்ணும் வெவ்வேறு நிறத்தில் இருக்கும். முதலில் அளவைக் கவனிப்போம்: சிட்டுக்குருவி அளவா, மைனா அளவா, காகத்தின் அளவா? அடுத்து அலகின் வடிவம், வாலின் நீளம், அமரும் விதம், பறக்கும் பாங்கு. வாலை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே தரையில் நடந்தால் அது வாலாட்டி. கம்பியிலிருந்து எழுந்து காற்றில் பூச்சியைப் பிடித்து அதே இடத்திற்குத் திரும்பினால் அது பஞ்சுருட்டானாகவோ கரிச்சானாகவோ இருக்கலாம். தாமிரத்தைத் தட்டுவது போல ஒரே சீராக ஒலி வந்தால், உச்சிக் கிளையில் செம்மார்புக் குக்குறுவானைத் தேடலாம். இவ்வாறு கேள்வி கேட்டுப் பழகினால், முப்பது பொதுப் பறவைகளைச் சில மாதங்களில் ஐயமின்றி அறிந்துகொள்ள முடியும். அந்த முப்பதும் மனத்தில் பதிந்த பிறகு, புதிதாக வரும் முப்பத்தோராவது தானே கண்ணில் படும்.

ஒரு குளம், பல அடுக்குகள்

பூங்காவில் ஓரளவு பழகியபின் நீர்நிலைக்குச் செல்வோம். முதற்பார்வைக்கு எல்லாப் பறவைகளும் ஒரே நீரில் கலந்து நிற்பது போலத் தோன்றும். சிறிது நேரம் கவனித்தால், அங்கே ஓர் ஒழுங்கு இருப்பது புலப்படும். கரையோரச் சேற்றில் உள்ளான்கள் அலகைக் குத்திப் புழு தேடுகின்றன. கணுக்கால் ஆழத்தில் நெடுங்கால் உள்ளான் நடக்கிறது. முழங்கால் ஆழத்தில் கரண்டிவாயன் தன் தட்டையான அலகை இடமும் வலமும் வீசி நீரைத் துழாவுகிறது. மிதக்கும் இலைகளின் மேல், நீண்ட விரல்களால் தன் எடையைப் பரப்பிக்கொண்டு இலைக்கோழி செல்கிறது. கிளுவையும் தட்டைவாயனும் நீரின் மேற்பரப்பை வடிகட்டுகின்றன. ஊசிவால் வாத்து தலைகீழாகக் கவிழ்ந்து அடித்தளத்தை எட்டுகிறது. ஆழமான நடுப்பகுதியில் முக்குளிப்பானும் நீர்க்காகமும் மூழ்கி மீன் பிடிக்கின்றன. நத்தைகுத்தி நாரையின் அலகுக்கு நடுவே உள்ள இடைவெளி, நத்தையைப் பற்றி எடுப்பதற்கு உதவும் அமைப்பு.

ஒரே குளத்தில் இத்தனை இனங்கள் பிழைப்பதற்குக் காரணம், ஒவ்வொன்றும் வெவ்வேறு ஆழத்தில் வெவ்வேறு உணவைத் தேடுவதுதான். இதை அறிந்தால் மற்றோர் உண்மையும் விளங்கும். ஏரியை அழகுபடுத்துவதாகக் கருதி, கரை முழுவதும் செங்குத்தாகக் கல் பதித்து, ஒரே ஆழத்திற்குத் தூர் வாரி, நாணலையும் கோரையையும் அடியோடு அகற்றிவிட்டால், நீர் என்னவோ நிறைந்துதான் நிற்கும். ஆனால் சேற்றில் இரை தேடுவதற்கும், ஆழமற்ற நீரில் நடப்பதற்கும், நாணலுக்குள் கூடு கட்டுவதற்கும் இடம் இராது. எஞ்சுவன சில நீர்க்காகங்களும் வாத்துகளும் மட்டுமே. நம் பகுதி ஏரியைச் சீரமைக்கும் திட்டம் வரும்போது, ஒரு பக்கக் கரையையாவது சரிவாகவும் செடிகொடிகளுடனும் விட்டுவைக்குமாறு குடியிருப்போர் நலச் சங்கத்தின் வழியாகக் கேட்கலாம். அதற்கு நமக்குப் பறவையியல் பட்டம் வேண்டியதில்லை. எந்தப் பறவை எங்கே நின்றது என்ற குறிப்பு இருந்தால் போதும்.

கேமராவைக் கையில் எடுக்கும்போது

பறவைப் படத்திற்கு 300 முதல் 400 மில்லிமீட்டர் வரையிலான குவிய நீளம் கொண்ட லென்ஸ் பொதுவாகப் பயன்படும். ஆனால் விலையுயர்ந்த லென்ஸ் இருந்தால்தான் தொடங்க வேண்டும் என்பதில்லை. அதிக உருப்பெருக்கம் கொண்ட எளிய கேமராவே பூங்காவிற்குப் போதும். பைனாகுலரின் கண்வைக்கும் பகுதியில் கைப்பேசியின் கேமராவைப் பொருத்தி எடுத்தாலும், இனங்காண உதவும் அளவுக்குப் படம் கிடைக்கும்.

சில அடிப்படைகளை நினைவில் கொள்வோம். கதிரவன் நமக்குப் பின்னால் இருக்குமாறு நிற்க வேண்டும். அப்போது பறவையின் மீது ஒளி விழும், கண்ணில் ஒரு சிறு ஒளிப்புள்ளியும் தோன்றும். குவியத்தை எப்போதும் பறவையின் கண்ணில் வைக்க வேண்டும். கண் தெளிவாக இருந்தால், வால் சற்று மங்கியிருந்தாலும் படம் உயிருடன் இருக்கும். அமர்ந்திருக்கும் பறவைக்கு 1/500 நொடியும், பறக்கும் பறவைக்கு 1/2000 நொடியும் ஷட்டர் வேகமாக வைத்துத் தொடங்கலாம். காலையில் ஒளி குறைவாக இருக்கும்போது ஐ.எஸ்.ஓ. அளவை உயர்த்தத் தயங்க வேண்டாம். படத்தில் சிறு புள்ளிகள் தோன்றுவது, அசைவால் முழுவதும் கலங்கிப்போவதைவிட மேல். நீர்ப்பறவையை நின்றபடி எடுப்பதைவிட, கரையில் தாழ்ந்து அமர்ந்து அதன் கண்மட்டத்திலிருந்து எடுத்தால், பறவையின் உலகிற்குள்ளேயே நாமும் இருப்பது போன்ற தோற்றம் கிடைக்கும். தாழ்ந்து அமர்பவரைப் பறவைகளும் அவ்வளவாக அஞ்சுவதில்லை.

நெருங்கும்போது நேராகச் செல்லாமல் சற்றுச் சாய்வாக, சில அடிகள் வைத்து நின்று, மீண்டும் சில அடிகள் வைத்துச் செல்லலாம். பறவை இரை தேடுவதை நிறுத்தித் தலையை உயர்த்தி நம்மை நோக்குமாயின், அதுவே எல்லை. அந்த இடத்தில் நின்றுவிட வேண்டும். அதன் பின்னும் முன்னேறினால் கிடைப்பது, பறந்து செல்லும் பறவையின் பின்புறப் படம் மட்டுமே.

நாம் மீறக் கூடாத எல்லைகள்

ஒரு வாத்துக்கூட்டம் நம் காலடியோசை கேட்டு எழுந்து பறப்பது கண்ணுக்கு அழகான காட்சி. ஆயினும், ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து வந்து, திரும்பிச் செல்வதற்காக உடலில் கொழுப்பைச் சேர்த்துக்கொண்டிருக்கும் பறவைக்கு, ஒவ்வொரு முறையும் எழுந்து பறப்பது தன் சேமிப்பிலிருந்து செய்யும் செலவு. ஒரு காலையில் பத்துப் பேர் பத்து முறை கலைத்தால், அன்று அது ஈட்டியதைவிட இழந்தது மிகுதியாகிவிடக்கூடும்.

கூடு கட்டும் காலத்தில் இழப்பு இன்னும் பெரிது. தரையில் முட்டையிடும் ஆள்காட்டி, கோடை நண்பகலில் முட்டைகளின் மேல் நிற்பது அடைகாப்பதற்காக அன்று, நிழல் தருவதற்காக. அருகிலுள்ள நீரில் தன் வயிற்று இறகுகளை நனைத்து வந்து முட்டைகளைக் குளிர்விக்கும் பழக்கமும் அதற்கு உண்டு. அந்த நேரத்தில் நாம் அதை விரட்டி நிறுத்தினால், முட்டைக்குள் இருக்கும் கரு வெயிலில் வெந்துவிடக்கூடும். நாங்கள் நின்ற நாற்பது நிமிடங்களில், காகம் வராமல் இருந்திருந்தாலும் அந்த முட்டைகள் பிழைத்திருக்குமா என்பது ஐயமே.

ஆகவே கூட்டின் அருகில் படம் எடுப்பதை அறவே தவிர்ப்பதுதான் முறை. கூடு தெளிவாகத் தெரிய வேண்டும் என்பதற்காகச் சுற்றியுள்ள இலைகளை விலக்குவதோ கிளைகளை ஒடிப்பதோ, வெயிலுக்கும் பருந்துக்கும் வாசலைத் திறந்துவிடுவதாகும். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், வேட்டை என்னும் சொல்லுக்குத் தரும் விளக்கத்திலேயே பறவைகளின் முட்டைகளைச் சேதப்படுத்துவதையும், முட்டைகளையோ கூடுகளையோ தொந்தரவு செய்வதையும் சேர்த்திருக்கிறது. துப்பாக்கி ஏந்தாதவரும் சட்டத்தின் பார்வையில் வேட்டையாடியவர் ஆகலாம் என்பதை நம்மில் பலர் அறிவதில்லை.

பறவையின் குரலைக் கைப்பேசியில் ஒலிக்கச் செய்து அதை வரவழைப்பதும் தவறு. அக்குரலைத் தன் எல்லைக்குள் நுழைந்த எதிரி என்று கருதி, இரையையும் இணையையும் விட்டு அது விரைந்து வரும். இல்லாத எதிரியைத் தேடிக் களைக்கும். இரவில் ஆந்தையின் கண்ணில் ஃபிளாஷ் ஒளியைப் பாய்ச்சக் கூடாது. நீர்ப்பறவைகளின் மேல் டிரோனைப் பறக்கவிடக் கூடாது. குளிர்காலத்தில் தில்லி யமுனைப் படித்துறைகளில் கடற்காகங்கள் கூட்டமாக வருகின்றன. அவை படகைச் சூழ்ந்து பறக்கும் படத்திற்காக, எண்ணெயில் பொரித்த காராசேவை அள்ளி வீசுவது வழக்கமாகிவிட்டது. மீனும் சிறு நீருயிர்களும் உண்ணும் பறவைக்கு உப்பும் எண்ணெயும் உணவு ஆகா. அருகிவரும் பறவையின் கூடோ, ஆந்தை பகலில் உறங்கும் மரமோ தெரியவந்தால், அதன் சரியான இடத்தைச் சமூக ஊடகத்தில் வெளியிடாமல் இருப்பதே அதற்கு நாம் செய்யும் காவல்.

இவையெல்லாம் புதிதாக எவரோ விதித்த கட்டுப்பாடுகள் அல்ல. செங்கல்பட்டு மாவட்டத்து வேடந்தாங்கலில், ஏரியில் கூடு கட்டும் பறவைகளின் எச்சம் கலந்த நீர் தங்கள் வயலுக்கு உரமாவதை அறிந்த உழவர்கள், தலைமுறை தலைமுறையாக அப்பறவைகளைக் காத்துவந்துள்ளனர். சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடி சரணாலயத்தை அடுத்த கொள்ளுக்குடிப்பட்டி மக்கள், பறவைகள் அஞ்சும் என்பதற்காகத் தீபாவளிக்கும் பட்டாசு வெடிப்பதில்லை. ஒரு சிற்றூரே ஒரு பண்டிகையின் ஓசையை விட்டுக்கொடுக்கும்போது, நாம் ஒரு படத்தை விட்டுக்கொடுப்பது பெரிதன்று.

எண்ணிக்கையின் இரு முகங்கள்

இராஜஸ்தானின் பரத்பூரில் உள்ள கேவலாதேவ் தேசியப் பூங்கா, 1985 முதல் உலகப் பாரம்பரியக் களம். அங்குச் செல்பவர்கள், பழைய கற்பலகைகளைக் காணலாம். சமஸ்தானக் காலத்து வேட்டைகளின் கணக்கு அவற்றில் பொறிக்கப்பட்டுள்ளது. எந்நாளில், யார் வருகையின்போது, எத்தனை துப்பாக்கிகளால், எத்தனை பறவைகள் வீழ்த்தப்பட்டன என்பதே அக்கணக்கு. அவற்றுள் மிகப் பெரிய எண் 4,273. வைஸ்ராய் லின்லித்கோ வந்திருந்த 1938-ஆம் ஆண்டு நவம்பர் 12 அன்று, ஒரே நாளில் வீழ்ந்த பறவைகள் அவை. இந்தியப் பறவையியலின் தந்தை எனப் போற்றப்படும் சாலிம் அலி பிறந்த நாளும் நவம்பர் 12 தான். அவர் பிறந்தது 1896-இல். அந்த வேட்டை நடந்த அன்று அவருக்கு 42 வயது நிறைந்தது. அதே பரத்பூரைப் பறவைகளுக்கான புகலிடமாகக் காப்பதில் பிற்காலத்தில் பெரும்பங்கு ஆற்றியவர் அவர்.

அன்று இறந்தவற்றை எண்ணினார்கள். இன்று உயிருள்ளவற்றை எண்ணுகிறோம். இந்த எண்ணிக்கையின் அருமையையும் பரத்பூரே கற்பிக்கிறது. தூய வெண்ணிறமும் சிவந்த முகமும் கொண்ட சைபீரியக் கொக்குகள் 1960-களில் ஏறத்தாழ 200 வரை அங்கு வந்து குளிர்காலத்தைக் கழித்தன. ஆண்டுதோறும் அந்த எண் குறைந்துகொண்டே வந்தது. 2002-க்குப் பிறகு ஒன்றுகூட வரவில்லை. வலசைப் பாதையில் நேர்ந்த வேட்டையும் வாழிடங்களின் அழிவும் அதற்கான முதன்மைக் காரணங்களாகக் கூறப்படுகின்றன. அந்த இனத்தை இந்தியா இழந்தது துயரம். ஆனால் யாரும் எண்ணாமல் இருந்திருந்தால், இழந்தோம் என்பதையே நாம் அறிந்திருக்க மாட்டோம்.

நம் பூங்காவில் இன்று குறைந்துகொண்டிருக்கும் பறவை எது? எண்ணினால்தான் தெரியும். 2023-இல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை குறித்த அறிக்கை, 942 இனங்களை ஆராய்ந்தது. அதற்கு அடிப்படையாக அமைந்தவை, 30,000-க்கும் மேற்பட்ட பறவை ஆர்வலர்கள் அளித்த 3 கோடிக்கும் மேற்பட்ட பதிவுகள். நீண்டகாலப் போக்கைக் கணிக்கப் போதிய தரவு இருந்தவை 338 இனங்கள்; அவற்றில் 60 விழுக்காடு குறைந்துள்ளன. 178 இனங்களுக்கு உடனடிக் கவனம் தேவை என அறிக்கை கூறுகிறது. மின்கம்பிகளில் எளிதாகக் கண்ணில் பட்டுவந்த பனங்காடையும் குறைந்துவருவதாக அதில் கண்டுள்ளனர். அதே நேரத்தில் மயிலும் குயிலும் பெருகியுள்ளன. வெறும் கண்ணால் எவரும் உணர இயலாத இம்மாற்றங்களை, சாதாரண மக்களின் சிறு குறிப்புகள் சேர்ந்து வெளிக்கொணர்ந்தன.

நம் கணக்கைத் தொடங்குவோம்

வங்கி வாடிக்கையாளர்களாகிய நமக்குத் தொடர் வைப்பின் ஆற்றலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. தவணை சிறிதாயினும் தவறாமல் செலுத்தினால் முதிர்வில் பெருந்தொகை ஆகிறது. பறவைப் பதிவும் அத்தகையதே. ஒரு குறிப்பேட்டில் நாள், தொடங்கிய நேரம், முடித்த நேரம், இடம், கண்ட பறவைகள், அவற்றின் எண்ணிக்கை ஆகியவற்றை எழுதினால் போதும். காகம், மாடப்புறா, மைனா போன்ற பொதுப் பறவைகளை விட்டுவிடக் கூடாது. நாளை அவையே அரியவை ஆகலாம். சிட்டுக்குருவியை நம் முந்தைய தலைமுறையினர் எண்ணிவைத்திருந்தால், எந்த நகரத்தில் எப்போது அது குறையத் தொடங்கியது என்று இன்று ஊகிக்க வேண்டியிராது.

இக்குறிப்புகளை இ-பேர்ட் என்னும் கட்டணமற்ற கைப்பேசிச் செயலியில் பதிந்தால், அவை உலகெங்கும் உள்ள ஆய்வாளர்களுக்குப் பயன்படும். தனியாகத் தொடங்கத் தயங்குவோர், ஆண்டுதோறும் பிப்ரவரியில் நான்கு நாள்கள் நடைபெறும் பறவைக் கணக்கெடுப்பில் பங்கேற்கலாம். இந்தியா 2013 முதல் அதில் பங்கேற்றுவருகிறது. ஓரிடத்தில் 15 நிமிடம் நின்று கண்டவற்றைப் பட்டியலிடுவதே அதில் கலந்துகொள்வதற்கான தகுதி. தமிழ்நாட்டில் பொங்கல் விடுமுறையில் இதுபோன்ற கணக்கெடுப்பு நடைபெறுகிறது. பிள்ளைகளை உடன் அழைத்துச் செல்வோம். அவர்களது கண்கள் நம் கண்களைவிடக் கூர்மையானவை.

எங்கள் பூங்காவுக்குத் திரும்புவோம். அடுத்த ஆண்டும் அதே மண்மேட்டில் ஆள்காட்டி முட்டையிட்டது. இம்முறை தோட்டக்காரரிடம் சொல்லி, முப்பது அடி தொலைவில் நான்கு குச்சிகள் நட்டுக் கயிறு கட்டினோம். காலை நடையின் பாதையைச் சில வாரங்களுக்கு மாற்றிக்கொண்டோம். புல் வெட்டும் இயந்திரம் அந்தப் பக்கம் வராமல் பார்த்துக்கொண்டார் தோட்டக்காரர். ஏறத்தாழ நான்கு வாரங்கள் கழிந்து ஒரு காலையில், பஞ்சுருண்டை போன்ற மூன்று குஞ்சுகள் தாயின் பின்னே ஓடுவதை எதிர்ப்புறப் பாதையிலிருந்து பைனாகுலரில் கண்டோம். எங்களில் ஒருவர் எடுத்த படத்தில் அவை மூன்று பழுப்புப் புள்ளிகளாக மட்டுமே தெரிகின்றன. போட்டிக்கு அனுப்பத்தக்க படம் அன்று அது. அன்றைய பட்டியலில் நாங்கள் எழுதிய வரி இது: செம்மூக்கு ஆள்காட்டி, 5. அந்தப் பூங்காவிலிருந்து நாங்கள் கொண்டுவந்தவற்றுள் எங்களுக்கு மிகவும் பிடித்தது அந்த வரிதான்.